எபிதீலியத் திசுப் புற்றுநோய்: காவிரிப் படுகையின் வெற்றிலை வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

புற்றுநோய் என்னும் சொல் தமிழில் ஒரே நோயைச் சுட்டுவதுபோல் வழங்கினும், மருத்துவ நூலார் அது தோன்றும் திசுவைக் கொண்டு அதனைப் பல இனங்களாகப் பகுப்பர். எலும்பு, தசை, கொழுப்பு முதலியவற்றில் எழுவது சார்கோமா; குருதியணுக்களை ஆக்கும் திசுவில் எழுவது லுக்கேமியா. உடலின் புறத்தையும் உள்ளுறுப்புகளின் உட்பரப்பையும் போர்த்தியுள்ள எபிதீலியத் திசுவில் எழுவது கார்சினோமா. மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இவ்வகையின. தஞ்சை வட்டாரத்தின் வெற்றிலை வழக்கு இதன் இயல்பை விளக்குவதற்கு ஏற்ற களமாகும்.

சொல்லும் திசையும்

கிரேக்க மொழியில் நண்டைக் குறிக்கும் 'கார்கினோஸ்' என்பதே கார்சினோமாவின் வேர்ச்சொல். தமிழோ கறையான் புற்றை உவமையாகக் கொண்டது. வரப்போரத்துப் புற்று மண்ணுக்கடியில் தொடங்கி மேலெழுவது. கண்ணிற் படும்போது அடியில் ஏற்கெனவே பரவியிருப்பது. வெளியே தெரிந்தால் உள்ளே முற்றிவிட்டது என்னும் எண்ணத்திற்கு இப்படிமம் இடந்தருகிறது. கார்சினோமாவின் திசை இதற்கு நேர்மாறானது: மேற்பரப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குவது. நோயைக் காணத்தக்க காலம் எது என்பது இத்திசையைப் பொறுத்தே அமைவதால், இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வேறுபாடன்று.

அடித்தளச் சவ்வு

எபிதீலியத்தில் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. புகை, உணவு, நச்சு, கிருமி ஆகியவற்றை முதலில் எதிர்கொள்வன இச்செல்களே. தேய்ந்து உதிர்வதை ஈடுசெய்ய இவை ஓயாது பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுப் பிழை நேர வாய்ப்புண்டு. இத்திசு புற்றுக்கு மிகுதியும் ஆட்படுவதற்கு இவ்விரண்டும் முதன்மையான காரணங்கள்.

இதன் அமைப்பில் மற்றொரு கூறு சிறப்பாகக் கருதத்தக்கது. எபிதீலியத்தினுள் குருதிக்குழாய்கள் இல்லை. அதன் அடியில் மெல்லிய அடித்தளச் சவ்வு உள்ளது; அதற்கும் கீழுள்ள இணைப்புத் திசுவில்தான் குருதிக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் செல்கின்றன. பிறழ்ந்த செல்கள் சவ்வுக்கு மேலே இருக்கும்வரை கழுத்துக் கணுக்களுக்கோ நுரையீரலுக்கோ செல்ல அவற்றிற்கு வழியில்லை. சவ்வின் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து கீழிறங்கிய பின்னரே பரவல் தொடங்குகிறது. வாய்ப்புற்றின் நிலையைக் கணிக்கும் பன்னாட்டு வகைப்பாடு 2017இல் திருத்தப்பட்டபோது, கட்டியின் அகலத்தோடு அது இறங்கிய ஆழமும் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டது. 5 மில்லிமீட்டர் ஆழத்தைக் கடந்த கட்டி, அகலத்தில் சிறிதாயினும் முதல் நிலையில் வைக்கப்படுவதில்லை.

கொடிக்காலும் கன்னமும்

பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை, திருவையாறு ஆகிய ஊர்களை ஒட்டிய கொடிக்கால்களின் வெற்றிலை கும்பகோணம் வெற்றிலை எனப் பெயர்பெற்றது. 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வட்டாரத்தில் வெற்றிலையோடு சேர்வது பெரும்பாலும் சீவல், அதனுடன் சுண்ணாம்பு. நடவிலும் களையெடுப்பிலும் ஈடுபடுவோர் பலர் புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தில் அதக்கிக்கொள்வர். அதக்குதல் என்னும் இச்சொல் நோயியல் நோக்கிலும் துல்லியமானது. மென்று விழுங்குவதைவிட, ஓரிடத்தில் நெடுநேரம் வைத்திருத்தலே அவ்விடத்து எபிதீலியத்தைத் தொடர்ந்து தாக்குகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை பாக்கின் வேதிப்பொருள்களிலிருந்து திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது.

இத்தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. சென்னையில் பணியாற்றிய நிப்லாக் 1902இலும், அன்றைய தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் பணியாற்றிய ஆர் 1933இலும் வெற்றிலை மெல்லுதலுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவைப் பதிவு செய்துள்ளனர்.

புகையிலை சேர்க்காத வெற்றிலை சீவலால் கேடில்லை என்னும் நம்பிக்கை இன்றும் படித்தோரிடையே வலுவாக உள்ளது. 1985இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே புற்றூக்கி என அறிவித்ததால், அக்காலத்தில் அந்நம்பிக்கைக்கு ஓரளவு இடமிருந்தது. 2004இல் வெளிவந்த அம்முகமையின் மதிப்பீடு புகையிலையற்ற தாம்பூலத்தையும், பாக்கைத் தனியேயும், ஐயத்திற்கிடமற்ற புற்றூக்கிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. வெற்றிலை தனியே அப்பிரிவில் இல்லை. எனவே குற்றம் கொடிக்காலினுடையதன்று, கமுகினுடையது. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்த்திசு பெருகி இறுகும். முதலில் காரமான குழம்பு எரிச்சல் தரும். பின்னர் வாய் முழுமையாகத் திறவாது. இதுவும் கன்னத்தில் தோன்றும் வெண்படலம், செம்படலம் ஆகியனவும் புற்றுக்கு முந்தைய நிலைகள். இவற்றுள் செம்படலமே மிகுந்த இடருடையது.

காணும் முறை

கருப்பைவாய்ப் புற்றும் இவ்வகையினதே. அங்குத் தூண் எபிதீலியமும் தட்டை எபிதீலியமும் சந்திக்கும் எல்லையில் பாப்பிலோமா வைரஸ் செயற்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனை நிகழ்த்தப்பட்டது. அதனால் அந்நோயின் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

வாய்க்கு அமிலமும் தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், மருத்துவரல்லாத பயிற்சிபெற்ற பணியாளர்கள் வீடுதோறும் சென்று வாயைப் பரிசோதித்தனர். 2005இல் வெளியான முடிவுகளின்படி, மக்கள்தொகை முழுமைக்கும் உறுதியான வேறுபாடு புலப்படவில்லை. ஆனால் புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. பரிசோதனைக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் கன்னத்தை விலக்கிப் பார்க்கும் விரலுமே. கன்னத்தின் உட்புறம், ஈறும் கன்னமும் சேரும் பள்ளம், நாவின் ஓரம், நாவின் அடிப்பகுதி ஆகியவற்றில் நிறமாற்றமோ, தடிப்போ, 2 வாரத்திற்கும் மேலாக ஆறாத புண்ணோ உள்ளதா என்று அவர்கள் நோக்கினால் போதும்.