வண்டி கேட்கும் பெட்ரோல்



சித்தூர் வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழ் அன்பர் ஒருவரை மனத்தில் கொள்வோம். விடுமுறை நாளில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, கொல்லங்கோடு, நென்மாறை கடந்து நெல்லியாம்பதிக்குப் புறப்படுகிறார். வழக்கமாகப் போடும் உயர்தரப் பெட்ரோல் அன்று கிடைக்கவில்லை. சாதாரணப் பெட்ரோலையே நிரப்பிக்கொண்டார். போத்துண்டி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், என்ஜினுக்குள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கிறது. 'என்ஜின் கெட்டுவிடுமோ? பெரிய செலவு வைத்துவிடுமோ?' என்று அவர் உள்ளம் கலங்குகிறது. வண்டியே சோறு போடும் குடும்பத்துக்கு இது சிறு கவலையன்று.

இவரைப் போலவே, எந்தப் பெட்ரோலைப் போடுவது, உயர்தரம் கிடைக்காதபோது என்ன செய்வது என்ற ஐயம் கார் வைத்திருப்போர் பலருக்கும் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு தொல்லையும் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்துப் பலகை ஓரிடத்தில் மலையாளத்திலும், மற்றோரிடத்தில் கன்னடத்திலும், வேறோரிடத்தில் மராத்தியிலும் எழுதப்பட்டிருக்கும். ஆயினும், நாம் அறிய வேண்டியது எழுத்தன்று, எண். அந்த எண் எங்கும் ஒரே வகையாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதன் பொருளைத் தெரிந்துகொண்டால் ஐயத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். காற்றை அழுத்தினால் சூடேறும் என்பதே காரணம். காரின் என்ஜினிலும் இதுவே நடக்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்துகிறது. உரிய நொடியில் ஸ்பார்க் பிளக் பொறியிட, கலவை சீராக எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பொறியிலிருந்து நெருப்புப் பரவி வந்து சேர்வதற்குள், மூலையில் எஞ்சிய கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே ஒரே வீச்சில் பற்றிக்கொள்வதும் உண்டு. அப்போது எழும் அதிர்ச்சியே நாம் கேட்கும் தட்டல். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பர். சிறிது நேரம் கேட்டு மறைந்தால் கேடில்லை. நெடுநேரம் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டனும் அதன் வளையங்களும் பழுதாகக்கூடும்.

இவ்வாறு தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் ஆற்றலை அளப்பதே ஆக்டேன் எண். 1920-களில் இந்த அளவுகோல் வகுக்கப்பட்டது. தட்டலை நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், சற்றும் தாங்காத ஹெப்டேன் என்ற பொருளுக்கு 0 என்றும் வைத்தார்கள். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோல் என்று பொருள். இங்கே ஒன்றை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். ஆக்டேன் எண் உயர்ந்தால் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் உயர்ந்துவிடுவதில்லை. அது பொறுமையின் அளவேயன்றி வலிமையின் அளவன்று.

இந்த எண்ணை உயர்த்தும் ஆசையில் உலகம் ஒரு பெரும் தவற்றையும் செய்தது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பார், ஈயம் அடங்கிய ஒரு சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டறிந்தார். அந்த ஈயம் புகையோடு வெளியேறிப் பல்லாண்டுக் காலம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்து வந்தது. நம் நாட்டில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. உலகிலேயே கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் அதைக் கைவிட்டது.

இனி நம் பெட்ரோல் நிலையங்களுக்கு வருவோம். அம்பாசிடர், பத்மினி கார்கள் ஓடிய காலத்தில் 87, 93 என்ற எண்களை மூத்த ஓட்டுநர்கள் கேட்டிருப்பார்கள். அக்கார்களின் என்ஜின் கலவையை ஏழெட்டு மடங்கே அழுத்தும்; ஆகவே குறைந்த எண்ணே போதியதாயிற்று. பின்னர் வந்த கார்கள் பல, பத்து மடங்குக்கு மேலும் அழுத்துபவை. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 நடைமுறைக்கு வந்தபோது, சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தது 91, உயர்தரத்துக்குக் குறைந்தது 95 என்ற அளவுகள் அமைந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலையும் சில பெருநகரங்களில் விற்கத் தொடங்கியது. எக்ஸ்பி, ஸ்பீடு, பவர் என்பனவெல்லாம் நிறுவனங்கள் இட்ட வாணிகப் பெயர்கள். பெயரைக் கேட்டு மயங்காமல், குழாயின் மேல் எழுதியுள்ள எண்ணைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

உயர்தரம் சிற்றூர்களில் அரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் நிலத்தடியில் தனித்தொட்டி வேண்டும், தனிக்குழாய் வேண்டும். வாங்குவோர் சிலரேயானால் முதல் முடங்கிக் கிடக்கும். ஆதலின், விற்பனை மிகுந்த சாலைகளில் கிடைப்பது உட்பகுதி ஊர்களில் கிடைப்பதில்லை.

ஆனால் நம் வண்டிக்கு உயர்தரம் வேண்டுமா என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை, பெட்ரோல் தொட்டி மூடியின் உட்புறத்திலோ காருடன் வந்த கையேட்டிலோ எழுதப்பட்டிருக்கும். 91 போதும் என்று எழுதியிருந்தால், 95 ஊற்றுவதால் தட்டலில்லாத என்ஜினுக்குத் தட்டல் குறையப்போவதில்லை. உயர்தர வகைகளில் அழுக்கு நீக்கும் சேர்மானங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் அதற்காக நாள்தோறும் கூடுதல் விலை தர வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. கணக்குப் பாருங்கள்: லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், மாதம் 100 லிட்டர் போடுபவர் ஆண்டுக்கு 9,600 ரூபாயை மிகையாகச் செலவிடுகிறார். ஒரு குழந்தையின் புத்தகச் செலவுக்கும் உடைச் செலவுக்கும் உதவக்கூடிய தொகை அன்றோ அது!

கையேட்டில் 'குறைந்தது 95' என்றிருந்தால் நிலைமை வேறு. மிகுதியாக அழுத்தும் என்ஜின்களும் டர்போ பொருத்திய சில என்ஜின்களும் இவ்வகையின. 'பரிந்துரை 95, குறைந்தது 91' என்றிருந்தால், 91 போட்டு ஓட்டலாம். இழுவை சற்றே குறையலாம். அயல்நாட்டு உறவினர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. அமீரகத்தில் 91, 95, 98 என்ற வகைகள் நம் அளவுகோலிலேயே விற்கப்படுகின்றன. அமெரிக்காவிலோ இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுவார்கள். அங்குள்ள 87 ஏறத்தாழ நம் 91-க்குச் சமம்.

உயர்தரம் வேண்டிய காருக்கு அது கிடைக்காத நாளில் என்ன செய்வது? 2022-இல் இலங்கை பட்ட பாட்டை நாம் அறிவோம். ஜூன் இறுதியில், இன்றியமையாப் பணிகளுக்கன்றி எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. பிறகு அட்டைமுறை வந்தபோது, காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்தார்கள். 92, 95 என்று தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை; கிடைத்ததைக் கொண்டு ஓட்டும் வழி தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வழி கடினமானதன்று.

முதலாவதாக, தொட்டி வறளும் வரை காத்திராமல், உயர்தரம் கிடைக்கும் ஊரில் நிரப்பிக்கொள்வது நலம். பாதித் தொட்டி 95 இருக்க, மீதியைச் 91-ஆல் நிரப்பினால் கலவை ஏறத்தாழ 93 ஆகும். இரண்டு வகையும் கலப்பதால் கேடொன்றும் இல்லை. இரண்டாவதாக, ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். உயர்ந்த கியரில் வண்டி திணறும்போது காலை அழுத்துவதே தட்டலை வரவழைக்கும் செயல். ஏற்றம் தொடங்குமுன் தாழ்ந்த கியருக்கு மாறி, என்ஜினைச் சற்று விரைவாகச் சுழலவிட்டு, மெல்ல மிதித்து ஏற வேண்டும். பாரத்தைக் குறையுங்கள்; கடும் ஏற்றத்தில் குளிரூட்டியைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். அண்மைக் காலக் கார்களில் பெரும்பாலானவற்றில் தட்டலை உணரும் கருவி இருக்கிறது. அது பொறியிடும் நேரத்தைச் சற்றே பின்தள்ளி என்ஜினைக் காக்கும். அதனால் இழுவை குறைவதைக் கண்டு மேலும் அழுத்தாமல், பொறுமையுடன் ஓட்டுவதே நம் கடமை.

மலையும் ஓரளவு நமக்கு உதவி செய்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத என்ஜின் அங்கே குறைந்த காற்றையே உள்ளிழுப்பதால், குறைந்த ஆக்டேனே அதற்குப் போதும். நெல்லியாம்பதியிலும் மூணாற்றிலும் உச்சிக்கு அருகே செல்லும்போது தட்டல் அடங்குவது இதனாலும் இருக்கலாம். அடிவாரத்து ஏற்றமே கூடுதல் கவனத்துக்கு உரியது.

செய்யத்தகாதவையும் உள. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் குறைந்து தட்டல் மிகும். அந்துருண்டையைக் கரைத்து ஊற்றினால் ஆக்டேன் ஏறும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு என்ஜினைச் சோதனைக்கூடம் ஆக்காதீர்கள். உரிய எண்ணுள்ள பெட்ரோல் போட்டும் தட்டல் ஓயவில்லையெனில், குற்றம் பெட்ரோலில் இல்லாமல் இருக்கலாம். கரி படிந்திருக்கலாம், பிளக் பொருந்தாமல் இருக்கலாம், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகலாம். நல்ல மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

எத்தனாலைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்துக் கள்ளில் பெரும்பங்கு சித்தூர் வட்டத் தென்னந்தோப்புகளிலிருந்து செல்வது. அங்கே இனிய பதநீர் புளித்துப் போதையாகும்போது உண்டாகும் பொருளே எத்தனால். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கப்படும் அதே பொருளைப் பெட்ரோலில் 20 விழுக்காடு கலந்து விற்பது 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்துகிறது; ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே அதில் உண்டு. தூய பெட்ரோலை எண்ணி வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்குப் பொருத்தப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று 2021-ஆம் ஆண்டு நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. எண் உயர்ந்தும் மைலேஜ் குறையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 'பிரீமியம்' என்ற பெயரும் எத்தனால் இல்லை என்பதற்கு உறுதியாகாது. கேட்டறிந்தே வாங்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முற்பட்ட வண்டி வைத்திருப்போர், ரப்பர்க் குழாய்களை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நன்று. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. ஆகையால் மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

எல்லைக்கு அப்பால் நல்ல பெட்ரோல் கிடைக்கும் என்ற எண்ணத்தையும் பார்ப்போம். சித்தூர்ப் பகுதியினர் கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் சென்று நிரப்பி வருவதுண்டு. விலையில் வேறுபாடு இருப்பது மெய்யே. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் 2 ரூபாய்க் கூடுதல் தீர்வை விதித்தது. ஆனால் இது வரியின் வேறுபாடேயன்றிப் பெட்ரோலின் வேறுபாடன்று. கொச்சி ஆலையின் பெட்ரோல் பாலக்காட்டுக் கணவாய் வழியே குழாயில் ஓடித்தான் கோவையை அடுத்த இருகூருக்கும் கரூருக்கும் போய்ச் சேர்கிறது. இருபுறமும் தர அளவு ஒன்றே. போகும் வழியில் நிரப்புவது சிக்கனம். அதற்கென்றே போய்வருவது பெரும்பாலும் சிக்கனமாகாது.

நாம் தொடக்கத்தில் கண்ட ஓட்டுநர், வண்டியை ஓரமாக நிறுத்தித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார் என்று கொள்வோம். அதில் 91 என்று எழுதியிருந்தால், இத்தனை நாள் மிகையாகக் கொடுத்த பணத்தை அவர் எண்ணிக்கொள்ளட்டும். தட்டலுக்குக் காரணம் ஏற்றிய பாரமா, தேர்ந்த கியரா, என்ஜினின் பழுதா என்று பார்க்கட்டும். 95 என்று எழுதியிருந்தால், தாழ்ந்த கியரில் மெல்ல ஏறி, திரும்பும் வழியில் உயர்தரத்தை நிரப்பிக்கொள்ளட்டும். எதுவாயினும், அவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. நேயர்களும் அடுத்த முறை பெட்ரோல் நிலையத்துக்குச் செல்லுமுன், தத்தம் வண்டியின் மூடியைத் திறந்து அந்த எண்ணை ஒருமுறை படித்துவிடுவார்களாக.