பழைய கம்பியூட்டருக்குள் இருக்கும் கடன் கணக்கு

டயல்-அப் காலத்துக் கம்பியூட்டரை இன்னும் வீசாமல் வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர். காரணம் இலகுவானது. யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பழைய கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. அதில் இன்டர்நெட் கிடைக்கவில்லை என்றதும் "மொடம் எரிந்து விட்டது, புதிது போடுவோம்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்க முன், சில விடயங்களை அறிந்து கொள்வது நல்லது.

கம்பியூட்டரின் தகவலை ஒலியாக்கி டெலிபோன் லைனில் அனுப்புவதே டயல்-அப் மொடத்தின் வேலை. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிட். நடைமுறையில் அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை.

இணைப்புக் கிடைக்காத போது வின்டோஸ் ஓர் இலக்கத்தைக் காட்டும். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். 680 என்றால் டயல் டோன் இல்லை. மொடத்தின் வயரைக் கழற்றி சாதாரண போனில் போட்டுப் பாருங்கள். அதிலும் சத்தமில்லை என்றால் கோளாறு லைனில் அல்லது வயரில், மொடத்தில் அல்ல. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்ட்டோ பிழை. 633 என்றால் பெரும்பாலும் பெக்ஸ் போன்ற வேறொரு புரோகிராம் மொடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 678 என்றால் மறுமுனையில் பதில் இல்லை.

இன்று கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி இலக்கத்தைத்தான். மறுமுனையில் பதில் சொல்ல வேண்டிய சேவையே இல்லாமல் போயிருக்கலாம். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் கூட தனது டயல்-அப் சேவையை 2025 செப்டெம்பர் 30இல் நிறுத்தி விட்டது. அத்துடன், பைபர் லைனில் குரல் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்வதால் மொடத்தின் ஒலி அடிக்கடி சிதைந்து விடும். ஆகவே மொடத்துக்குச் செலவழிப்பது வீண்.

வின்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2014 ஏப்ரல் 8உடன் நின்று விட்டன. அதை இன்டர்நெட்டில் இணைப்பதை விட, கணக்கை வெளியே எடுப்பதே புத்திசாலித்தனம்.

நெட்வேர்க் வயரால் புதிய கம்பியூட்டருடன் இணைத்தும் பழையது தெரியவில்லையா? குற்றம் வயரில் இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்.பி. பயன்படுத்தும் பழைய பகிர்வு முறையை 2017இன் இறுதியிலிருந்து புதிய வின்டோஸ்கள் வழமையாக மூடியே வைத்திருக்கின்றன. அதைத் திறப்பதால் பாதுகாப்புக் குறையும். நான் எனது கடைக் கணக்கை பென் டிரைவில்தான் எடுத்தேன். வின்டோஸ் 98 என்றால் அதற்குத் தனியாக டிரைவர் புரோகிராம் தேவைப்படும். மெஷின் ஒன் ஆகவே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றின் மூலம் படிக்கலாம்.

இன்னொன்று: பழைய கணக்குப் புரோகிராமின் பைலைப் புதிய கம்பியூட்டர் திறக்காமல் போகலாம். எனவே மெஷின் ஓடும் போதே பாக்கிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அந்தக் கணக்கு அழிந்தால் நமக்கு வர வேண்டியது மட்டுமல்ல, நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியதும் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய் விடும்.