20 லிட்டர் ஓட்டை

1998-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. சுப்பீரியர் ஏரித் தண்ணீரை ஆண்டுக்கு 60 கோடி லிட்டர் வரை கப்பலில் ஏற்றி ஆசியாவுக்குக் கொண்டுபோகலாம். எதிர்ப்பு கிளம்பியது, அனுமதி ரத்தானது. தண்ணீரை மொத்தமாக வெளியே கொண்டுபோகத் தடைச் சட்டங்களும் வந்தன. ஆனால் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் ஒரு விலக்கு உண்டு: 20 லிட்டருக்கு மேற்படாத கலனில் அடைத்த தண்ணீரை அந்தத் தடை தொடாது.

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு வாசலில் வந்து இறங்கும் கேனும் அதே 20 லிட்டர்தான்.

கப்பலை மறித்த சட்டம் கேனுக்கு வழிவிட்டது. நமக்கோ நிலத்தடி நீரை அள்ளிப்போகும் லாரியை மறிக்கவே உறுதியான சட்டம் இல்லை. 12,000 லிட்டர் லாரி ஒன்று போனால் 600 கேன் தண்ணீர் ஊரைவிட்டுப் போனதாகக் கணக்கு. போர் மோட்டாரிலிருந்து வரும் பெரிய குழாயை டேங்க் வாயில் செருகினால் போதும். எத்தனை நடை போனது என்ற கணக்கு ஊருக்குத் தெரிவதில்லை.

இது பாறைப் பூமி. நாகமலையில் விழும் மழை சரிவில் இறங்கி ஓடிவிடும். மேல்மண்ணிலும் பாறை வெடிப்பிலும் தங்குவதுதான் நம் கையிருப்பு. மாடக்குளம் போன்ற கண்மாய்கள் நிறைந்தால்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். ஒருவர் 800 அடிக்குப் போர் இறக்கினால் பக்கத்து வீட்டின் 200 அடிப் போர் காற்றை இழுக்கக்கூடும். பிறகு அந்த வீட்டுக்காரரும் கேன் வாங்குவார். தன் காலடித் தண்ணீரையே காசு கொடுத்து வாங்கும் இந்தக் கொடுமைதான் என்னை உறுத்துகிறது.

1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுக்கும் உரிமை நிலத்துக்காரருடையது. அன்று கமலை ஏற்றம், இன்று சப்மெர்சிபிள். நிலத்தடி நீரை லாரியில் கொண்டுபோக உரிமம் கேட்கும் 1987-ம் ஆண்டுச் சட்டம் சென்னைக்கும் அதையொட்டிய கிராமங்களுக்கும் மட்டும். மாநிலம் முழுமைக்கும் 2003-ல் வந்த சட்டம் 2013-ல் நீக்கப்பட்டது. மிஞ்சியது நிலத்தடி நீர் எடுப்பதை நெறிப்படுத்தும் 2014-ன் அரசாணை. அது செல்லும் என்று 2018-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாணையை இன்னோர் அரசாணையால் மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்றவோ சட்டமன்றத்துக்குப் போயாக வேண்டும்.

குழாய் எட்டாத புறநகருக்கு லாரிதான் கதி என்பார்கள், அது உண்மையே. மலைக்கு அப்பாலிருந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரில் வாழும் மதுரைக்காரர்கள் இதைப் பேசலாமா என்றும் கேட்பார்கள். பேசலாம். 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை எழுதி, ஏக்கருக்கு 5 ரூபாய் என்று 8,000 ஏக்கருக்கு வாடகை பேசித்தான் அந்தத் தண்ணீர் மலை தாண்டியது. லாரித் தண்ணீருக்கு ஊரோடு அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது.

விற்பனைக்கு நீர் எடுக்கும் ஒவ்வொரு போரிலும் மீட்டர் வேண்டும். அந்த அளவை மாதாமாதம் ஊர்ப் பலகையில் எழுத வேண்டும். கோடையில் ஊர்க்கிணறு வற்றினால் வெளியூர் நடையை அன்றே நிறுத்தும் அதிகாரம் கிராமசபைக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டும். கேனுக்கு விலக்கே கூடாது. லாரியில் போனாலும் கேனில் போனாலும் ஒரே கணக்கில் வர வேண்டும்.