டிரெய்லர் பேரிங்கில் கிரீஸ் ஏன் வெளுக்கிறது?

ஐப்பசி, கார்த்திகையில் கண்டரமாணிக்கம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், வயலுக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர் தண்ணீரில் இறங்காமல் வீடு திரும்பாது. மழை விட்டபின் சக்கரத்தைக் கழற்றினால், பேரிங்கில் கிரீஸ் மோர் போல வெளுத்திருக்கும். மூடியும் சீலும் இருக்க, தண்ணீர் எப்படி உள்ளே போனது?

பாரம் இழுத்து ஓடும்போது ஹப் சூடாகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியேறுகிறது. அதே சூட்டோடு வாய்க்காலில் இறங்கினால் ஹப் சட்டென்று குளிரும். மிஞ்சிய காற்று சுருங்கி, உள்ளே அழுத்தம் குறையும். அப்போது தேய்ந்த சீலின் இடுக்கு வழியாக, வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடுகிறது.

சக்கரம் சுற்றச் சுற்ற அந்த நீர் நுண்துளிகளாகச் சிதறி கிரீஸில் கலக்கிறது. வெள்ளை நிறம் அதனால்தான். எண்ணெய்ப் படலம் மெலிந்து இரும்போடு இரும்பு உரசும். வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களில் இன்னும் மோசம்: உருளைகள் துருப்பிடித்துக் குழி விழும்.

வெளுத்ததன் மேலேயே புதுக் கிரீஸை அப்புவது வீண். பழையதை டீசலில் கழுவி, நன்றாக உலர்த்தி, புதுக் கிரீஸ் வைத்து, புது சீல் போட்டு அடையுங்கள். தண்ணீரில் இறக்குமுன் ஹப்பைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். அதற்குக் காசே வேண்டாம்.