மாப்பிள்ளைக்கு மிஞ்சிய ஒரே இலாகா!

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தானாக முடிவு செய்கிற சமாசாரங்கள் எத்தனை? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேதி ஜோசியர் குறித்தது. மண்டபம் மாமனார் பிடித்தது. அவியலா, கூட்டா என்பது சமையல் கான்ட்ராக்டர் இஷ்டம். புடவைக் கடைக்கு ஏழு பெண்கள் போய்வந்த வேனில் அவருக்கு இடமில்லை. பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதில் இரண்டு பெரியப்பாக்களுக்கிடையே பேச்சுவார்த்தை முறிந்து மூன்று நாளாகிறது. மிஞ்சியது தாலி கட்டுவது ஒன்றுதான். அதிலும் ஒரு முடிச்சோடு சரி, மிச்சத்தை அக்காவோ தங்கையோ போட்டுவிடுகிறாள்!

இந்தப் பாவப்பட்ட ஜீவனுக்குச் சமீப வருஷங்களில் ஒரு புது இலாகா ஒதுக்கியிருக்கிறார்கள். ரிசப்ஷன் மேடைக்கு ஜோடியாக வரும்போது ஒரு பாட்டு. அதற்கு ரெண்டு பேரும் கைகோத்து நாலு ஸ்டெப். பெயர், 'கப்பிள் டான்ஸ்.' "என்ன பாட்டுன்னு மாப்பிள்ளையையே கேட்டுடுங்க" என்று ஏற்பாடு செய்பவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... நிதி மந்திரி பதவி கிடைத்த மாதிரி!

கிடைத்த சந்தோஷத்தில் முதல் ஃபைலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சமாசாரம் மேற்கிலிருந்து வந்தது. அங்கே சர்ச்சில் சடங்கு முடிந்து, விருந்து நடக்கும் ஹாலில் புதுத் தம்பதி மட்டும் முதலில் ஆடுவார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அப்புறம்தான் அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் களத்தில் இறங்கலாம். இதற்கு 'முதல் நடனம்' என்றே பெயர். நூற்றாண்டுக் கணக்கில் பழகியவர்களாயிற்றே, பாட்டுப் பொறுக்குவதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள் என்று நினைப்போம். அதுதான் இல்லை!

'தி போலீஸ்' என்ற குழு 1983-ல் வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்ற பாட்டு அங்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒலித்தது. மெட்டு அப்படியே மயிலிறகு. விஷயம் என்ன? பிரிந்துபோனவளின் ஒவ்வொரு அசைவையும் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கிற ஓர் ஆசாமி! பொறாமையும் கண்காணிப்பும்தான் அதன் உள்ளடக்கம் என்று எழுதிய ஸ்டிங்கே சொல்லியாகிவிட்டது. குழுவின் பெயரைப் பார்த்தாவது சுதாரித்திருக்கலாம்.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' இன்னொன்று. 1992-ல் விட்னி ஹூஸ்டன் 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடி உலகமே உருகியது. ஆனால் 1974-ல் முதலில் அதை வெளியிட்ட டாலி பார்ட்டன், தன்னை முன்னுக்குக் கொண்டுவந்த போர்ட்டர் வேகனரின் குழுவிலிருந்து விலகும்போது எழுதிய பாட்டு அது. விடைபெறுகிற பாட்டு. ஆபீஸ் மேனேஜரின் ரிடையர்மென்ட் பார்ட்டிக்குப் பிரமாதமாகப் பொருந்தும்!

சிரிக்காதீர்கள். நம் வீட்டுக்கு வருவோம். 'மௌன ராகம்' 1986-ல் வந்தது. அதில் எஸ்.பி.பி. பாடிய 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டை எத்தனை ரிசப்ஷன் கச்சேரிகளில் கேட்டிருப்பீர்கள்? படத்தில் அது, கட்டிய மனைவியின் மனசில் தனக்கு இடமில்லையே என்று புருஷன் நொந்து பாடுவது. மேடையில் புது மாப்பிள்ளை, பக்கத்தில் வெட்கத்தோடு புதுப் பெண், பின்னால் இந்தப் பாட்டு. முன் வரிசைத் தாத்தா மட்டும் சந்தேகமாக நிமிர்ந்து பார்க்கிறார்.

'முன்பே வா' கேஸ் வேறு மாதிரி. கல்யாண வீடியோக்களில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'சில்லுனு ஒரு காதல்' (2006) படத்தில் ஹீரோ அதைப் பாடுவது மனைவியோடு அல்ல... காலேஜ் காலத்துக் காதலியோடு! இதை மாப்பிள்ளையின் நண்பர்கள் சாப்பாட்டுப் பந்தியில் ஞாபகப்படுத்தாமல் இருக்கமாட்டார்கள்.

அப்படியானால் ஒவ்வொரு பாட்டுக்கும் முழுப் படத்தையும் போட்டுப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். படக் கதையை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். 'பாசமலர்' 1961-ல் வந்தது. கடைசியில் அண்ணன், தங்கை ரெண்டு பேருமே செத்துப்போகிறார்கள். தியேட்டரே அழுதது. அதே படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய 'வாராயென் தோழி' பல வருஷங்களுக்குக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரின் தேசிய கீதம்! யாரும் அபசகுனம் என்று ஒயரைப் பிடுங்கவில்லை. காரணம், பாட்டின் வார்த்தைகள் கல்யாணப் பெண்ணைக் கூப்பிடுகிற வார்த்தைகள். ஆகவே, கதையை விடுங்கள், வார்த்தையைப் பாருங்கள். மெட்டை மறந்துவிட்டு, பாட்டை ஒரு கடிதம் மாதிரி வாய்விட்டுப் படியுங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் வருங்கால மனைவிக்குத் தபாலில் அனுப்பலாம் என்று தோன்றினால், பாட்டு பாஸ்.

அடுத்தது ரசனை. இதில்தான் நம் இளைஞர்கள் சிங்கம். 'நான் ராஜா கட்சி' என்பார் ஒருவர். 'ரஹ்மானைத் தவிர வேறு தெய்வமில்லை' என்பார் இன்னொருவர். இங்கிலீஷ் ராக் கேட்கிற மூன்றாமவர், மற்ற இருவரையும் பரிதாபமாகப் பார்ப்பார். பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த ரசனையை ஊருக்கு அறிவிக்க இதுதான் சந்தர்ப்பம் என்று கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு விஷயம் மறந்துபோகும். மேடையில் இன்னொருவரும் நிற்கப் போகிறார்!

என் சித்தப்பா பையன் மெடாலிக்கா பக்தன். நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'தான் பாட்டு என்று தீர்மானித்துவிட்டான். "அண்ணா, கிளாஸிக்!" என்றான். "அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன். முழித்தான். கேட்கவே இல்லை. பாட்டை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அனுப்பினான்.

கும்பகோணத்துப் பெண். பி.சுசீலா, பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று வளர்ந்தவர். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இதுல பாட்டு எப்ப வரும்?"

நியாயமான கேள்வி. குரல் ஆரம்பிக்கவே கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் பட்டுப் புடவையோடு மேடையில் என்ன செய்வது?

பையனுக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு மூன்று வாரம் ஓடியது. அவன் பத்துப் பாட்டு அனுப்ப, அந்தப் பெண் பத்துப் பாட்டு அனுப்ப... பாட்டோடு சேர்ந்து மற்ற கதைகளும் வந்தன. அவர் அப்பா ரேடியோவில் பழைய பாட்டு கேட்டபடிதான் ஷேவ் செய்வாராம். இவன் கிடார் கிளாஸில் சேர்ந்து நாலாம் மாதம் நின்றவன். ஜாதகத்தில் இதெல்லாம் எந்தக் கட்டத்தில் இருக்கும்?

கடைசியில் இரண்டு பேரும் போய் நின்ற இடம் 'இளைய நிலா.' அவனுக்கு அந்த கிடார், அவருக்கு எஸ்.பி.பி.யின் குரல். விஷயம் வெளியானதும் எங்கள் அத்தை, "ஐயோ, அந்தப் படத்துல ஹீரோ கேன்சர்ல செத்துப்போவானேடா!" என்று அலறினார். கல்யாணப் பெண் நிதானமாகச் சொன்னாராம்: "படத்தோட பேரு 'பயணங்கள் முடிவதில்லை.' அதைவிட நல்ல வார்த்தை வேணுமா அத்தை?"

அத்தை கப்சிப்!

பாட்டு முடிவானதும் சில நடைமுறை விஷயங்கள் உண்டு. சினிமாப் பாட்டு ஒன்று நாலு நிமிஷம், நாலரை நிமிஷம் ஓடும். ஆடத் தெரியாதவர்களுக்கு அது நாலு மணி நேரம். அதிலும் பாடகர் வாயை மூடிக்கொண்டு வயலின்கள் மட்டும் ஓடுகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளை வாட்சைத் திருகுவார். முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பியதும் சத்தத்தை மெதுவாகக் குறைக்கச் சொல்லிவிடுங்கள். இரண்டு, இரண்டரை நிமிஷம் தாராளம். கச்சேரிக் குழு நேரில் பாடுகிறது என்றால் பாட்டை ஒரு வாரம் முன்னாடியே சொல்லுங்கள். மேடையேறிய பிறகு சீட்டு அனுப்பினால் அவர்களுக்குத் தெரிந்த பாட்டுதான் வரும்.

வேகத்தையும் கவனியுங்கள். உங்களுக்கு கோட்டும் ஷூவும். அவருக்கோ பட்டு, நகை, தலை நிறையப் பூ. குத்துப் பாட்டுக்கு நீங்கள் குதிப்பீர்கள். அவர் ஒட்டியாணத்தைப் பிடித்துக்கொள்வார். வீட்டு ஹாலில் பாட்டைப் போட்டு ரெண்டு பேரும் சும்மா நடந்து பாருங்கள். நடை தானாகத் தாளத்தில் விழுந்தால், அதுவே ஆட்டம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டு போட ராயல்டி கட்ட வேண்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்யாணத்துக்கும் அதையொட்டிய வைபவங்களுக்கும் விலக்குத் தருகிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு பொது அறிவிப்பில் இதைத் திருப்பிச் சொன்னது. அந்த வீடியோவை யூ டியூபில் ஏற்றுவது மட்டும் வேறு சமாசாரம். கல்யாணச் செலவுக் கணக்கில் நயா பைசா எழுத வேண்டாத ஐட்டம் இது ஒன்றுதான்!

இரண்டு நிமிஷ ஆட்டத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்பீர்கள். ஆல்பம் பரணுக்குப் போய்விடும். கோட்டு அடுத்த வருஷம் போடச் சேராது. பாட்டு மட்டும் டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் என்று எங்கேயாவது திடீரென்று கேட்கும். அப்போது பக்கத்தில் இருக்கிற மனைவி, "ஆமா, உங்க பாட்டு வருது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாரா, "ஏங்க, நம்ம பாட்டு!" என்பாரா? அது நீங்கள் இப்போது கேட்கிற ஒரு கேள்வியில் இருக்கிறது.

நிச்சயமாகி, தினம் நாலு தடவை போனில் "சாப்டாச்சா?" என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! இன்று ராத்திரி அதற்கடுத்து இதையும் கேளுங்கள். ஒரு பாட்டைச் சொல்வார். நீங்கள் ஜென்மத்தில் கேட்க விரும்பாத பாட்டாகக்கூட இருக்கலாம். உடனே, "ஐயையோ, அதுவா?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, ஸார்!