பொண்ணுக்கு எதுக்கு ரெண்டு படிப்பு?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான். 'கம்ப்யூட்டர் படி, சீக்கிரம் வேலை கிடைக்கும்' என்பார் அப்பா. 'எனக்கு வக்கீலாகணும்' என்பாள் மகள். இரண்டையும் சேர்த்தே படிக்க வழி இருக்கிறது என்பது நம்மில் பல பேருக்குத் தெரிவதில்லை. என் நாத்தனார் மகளுக்காக விசாரித்ததில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.சி.ஏ., எல்.எல்.பி. (ஹானர்ஸ்) என்று ஒரு படிப்பு இருக்கிறது. 5 வருஷம். கம்ப்யூட்டர் பாடமும் சட்டப் பாடமும் ஒன்றாகவே நடக்கும். பிளஸ் டூ மார்க்கை வைத்து சேர்க்கை.

இதைச் சொன்னதும் என் மாமியாருக்கு, அதாவது பெண்ணின் பாட்டிக்கு, வந்ததே கோபம். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? அஞ்சு வருஷம் படிச்சு முடிச்சா இருபத்தி மூணு வயசாயிடும். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா ரெண்டு படிப்பு?" என்றார்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "பி.சி.ஏ. தனியா மூணு வருஷம், எல்.எல்.பி. தனியா மூணு வருஷம். மொத்தம் ஆறு. சேர்த்துப் படிச்சா ஒரு வருஷம் மிச்சம்தானே அத்தை?" அவர் மசியவில்லை. அவர் மனசை மாற்றியது எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயம்.

ஒரு பெண்ணின் கல்யாணப் போட்டோவை எடுத்து, அவள் பெயரிலேயே இன்டர்நெட்டில் பொய்க் கணக்கு தொடங்கி, கண்டபடி எழுதிவிட்டான் ஒருவன். பாவம், அவள் அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினாள். அனுபவசாலி வக்கீல்தான். ஆனால், "இதை யார் வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல தயார் பண்ணலாம்னு எதிர்த்தரப்பு சொன்னா என்னம்மா பண்றது? விஷயம் தெரிஞ்ச ஆளா ஒருத்தரைத் தேடணுமே" என்றாராம். ஆள் தேடியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அந்தப் பாவி எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.

வக்கீல் சொன்னதில் தப்பில்லை. கம்ப்யூட்டரிலோ போனிலோ இருக்கும் பதிவை நகலாகவோ பிரிண்டாகவோ கோர்ட்டில் கொடுத்தால், அதோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65 பி பிரிவு. சுப்ரீம் கோர்ட் 2014-லும் 2020-லும் இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் இது 63-வது பிரிவு. இப்போது சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்றில் பதிவைத் தாக்கல் செய்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொன்றில் நிபுணர் போட வேண்டும். 'ஹாஷ்' என்கிற எண்ணையும் குறிப்பிட வேண்டும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி, கம்ப்யூட்டர் பதிவுக்கு இந்த எண். உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் நியாயம் கிடைக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியவன் மேல் 2004 பிப்ரவரியில் புகார் கொடுக்கப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் எழும்பூர் கோர்ட் அவனுக்கு 2 வருஷம் கடுங்காவல் தண்டனை கொடுத்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஆதாரத்துக்கு சைபர் சட்ட நிபுணர் ஒருவர் கொடுத்த சான்றும் அந்த வழக்கில் கைகொடுத்தது.

இப்போது சொல்லுங்கள். நாளைக்கு நம் பெண்களுக்கு இப்படி ஒரு சங்கடம் வந்தால், கூச்சமில்லாமல் போய்ப் பேச ஒரு பெண் வக்கீல் வேண்டாமா? அவளுக்கு சட்டமும் தெரிந்து, கம்ப்யூட்டரும் தெரிந்திருந்தால் எத்தனை தெம்பு!

ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களும் வருத்தப்பட வேண்டாம். பி.சி.ஏ.வோ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்சோ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் 3 வருஷ எல்.எல்.பி.யில் சேரலாம். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிகளிலும் இது உண்டு. மார்க் விதிமுறைகளை விண்ணப்பம் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2006-ல் தொடங்கிய சட்டப் பள்ளியிலும் எல்.எல்.பி. இருக்கிறது.

சில விஷயங்களில் உஷாராக இருக்க வேண்டும். வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டுமானால் சட்டப் படிப்பை தபால் வழியில் படிக்கக் கூடாது, கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் நேராகத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரியும் இதற்கு உதவாது. எல்.எல்.பி. படிக்கும்போதே இன்னொரு கல்லூரியில் ரெகுலராக வேறு டிகிரி சேரவும் பார் கவுன்சிலின் 2008-ம் வருஷ விதிகள் இடம் தரவில்லை. ஆனால் பகுதி நேர கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் கோர்ஸ் படிக்கத் தடையில்லை. படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதிப் பாஸாக வேண்டும்.

தெருப் பெண் அழுததைப் பார்த்த பிறகு என் மாமியாரே, "அந்தப் படிப்புக்கு எப்ப அப்ளிகேஷன் தருவாங்கன்னு கேளும்மா" என்று சொல்லிவிட்டார். தன் பங்காக ஒரு ஜோடி வளையலையும் எடுத்து வைத்திருக்கிறார், பேத்தியின் பீஸுக்கு!

நகை சேர்ப்பதும் சீர் சேர்ப்பதும் இருக்கட்டும் தோழிகளே. பெண்ணுக்கு இரண்டு படிப்பில் ஆசை இருந்தால், 'எதுக்கு' என்று கேட்பதற்கு முன் 'எங்கே கிடைக்கும்' என்று ஒரு தரம் விசாரித்துத்தான் பாருங்களேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.