நோயாளி வீடு திரும்பியபின்: சமையலறையில் கவனிக்க வேண்டியவை

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோருக்கும், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப்பின் மருந்து உட்கொள்வோருக்கும் உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு நீங்கிவிடும் தொற்று, இவர்களை மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமாகக்கூடும். எனவே சமையலறைத் தூய்மையும் இவர்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மீதமாகும் சோறு

அடுப்பு மேடையிலேயே இருந்துவிடும் சோற்றை நாம் ஐயுறுவதில்லை. ஆனால் அரிசியில் காணப்படும் பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கக்கூடியவை. சோறு ஆறியபின் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கலாம். மீண்டும் சூடாக்கினாலும் அந்நச்சு அழியாது. ஆகவே சோற்றைச் சூடாகவே பரிமாறுங்கள். மீதமானதை 2 மணி நேரத்திற்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையிலேயே கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. சிகிச்சைக் காலத்தில் பழைய சோற்றைத் தவிர்க்கவும். சட்னியை அந்தந்த வேளைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளவும்.

பச்சை இறைச்சி

கோழி இறைச்சியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர், சால்மோனெல்லா போன்ற கிருமிகளை அருகிலுள்ள பாத்திரங்களிலும் காய்கறிகளிலும் சேர்த்துவிடும். கிருமியை அழிப்பது கழுவுதல் அன்று, நன்றாக வேகவைத்தலே. கழுவியே ஆகவேண்டுமெனில், பாத்திரத்து நீரில் மெதுவாக அலசிவிட்டு, தொட்டியைச் சோப்பினால் தேய்த்துக் கழுவுங்கள். இறைச்சிக்கும் காய்கறிக்கும் தனித்தனிக் கத்தியும் பலகையும் தேவை. அரிவாள்மனை ஒன்றே உள்ள வீடுகளில் முதலில் காய்கறியையும் பின்னர் இறைச்சியையும் நறுக்கி, உடனே அதைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்த வேண்டும்.

துணியும் கைகளும்

மேடை துடைக்கும் ஈரத்துணி கிருமிகளுக்கு உகந்த இடம். அதை நாள்தோறும் சோப்பும் வெந்நீரும் இட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். சமைக்கும் முன்னும், பச்சை இறைச்சியைத் தொட்டபின்னும் சோப்பிட்டு 20 விநாடிகள் கைகழுவுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் நோயாளிக்குச் சமைக்க வேண்டாம். அப்பணியை வேறொருவர் ஏற்கட்டும்.

இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் தொற்று ஏற்படலாம். அது பராமரிப்பவரின் குற்றமன்று. நோயாளிக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், விடியட்டும் எனக் காத்திராமல் உடனே சிகிச்சைக் குழுவைத் தொடர்புகொள்ளுங்கள்.